மேடையில் நிற்கும் பிள்ளையும் மேடைக்குக் கீழே நிற்கும் பிள்ளையும்





சாதாரண தரப் பெறுபேறுகள் வந்ததும் எமது பாடசாலை வாயிலில் பதாகை ஏறிவிட்டது. 9 ஏ, 8 ஏ எடுத்த பிள்ளைகளின் முகங்கள் அதில் சிரிக்கின்றன. அல்ஹம்துலில்லாஹ். இரவு பகலாக உழைத்த பிள்ளைகளுக்கும், அவர்களோடு விழித்திருந்த உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் ஆசிரியர்கள் சார்பில் எமது மனமார்ந்த வாழ்த்துகள்.

அடுத்து பரிசளிப்பு விழா, தமிழ்மொழித் தினப் போட்டி, இல்ல விளையாட்டுப் போட்டி என்று வேலைகள் வரிசையில் நிற்கின்றன. அவற்றைப் பற்றி இப்பதிவின் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன்னர் பழைய வரலாறு கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள்.

ஒரு பரிசளிப்பு விழாவில் தொடங்கிய கதை

அம்பலாங்கொடைக்குப் பக்கத்தில் ரன்தொம்பே என்று ஒரு கிராமம். 1884 இல் அங்கு பிறந்த ஒரு பையன் அப்பகுதி வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்தான். அந்தப் பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்குக் காலி ரிச்மண்ட் கல்லூரி அதிபர் டாரெல் பாதிரியார் பிரதம அதிதியாக வந்தார். பாடத்துக்குப் பாடம் அதே பையன்தான் மேடைக்கு வந்து பரிசு வாங்கினான். இத்தனை புத்தகங்களையும் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு வண்டி பிடிக்க வேண்டும்போல இருக்கிறதே என்று டாரெல் வியந்தாராம்.

பிரதம அதிதிகள் வியப்பது வழமைதான். வியந்து, பாராட்டி, தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். டாரெல் அதோடு நிற்கவில்லை. அந்தப் பையனுக்கு ரிச்மண்ட் கல்லூரிப் புலமைப்பரிசிலுக்கு வழி திறந்துவிட்டார். பரிசு வாங்கிய பிள்ளையைக் கண்டு கை தட்டியவர்கள் அன்று நிறையப்பேர் இருந்திருப்பார்கள். அந்தப் பிள்ளையின் அடுத்த வருடத்தைப் பற்றி யோசித்தவர் அவர்.

அந்தப் பையன்தான் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. 1931 முதல் 1947 வரை இந்நாட்டின் கல்வி அமைச்சராக இருந்தவர். 1945 ஒக்டோபர் 1 முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம் என்ற நிலையைக் கொண்டுவந்தவர். கிராமத்துப் பிள்ளைகளுக்காக நாடெங்கும் மத்திய கல்லூரிகளைத் திறந்தவர். தனக்கு ஒரு அதிபர் திறந்துவிட்ட கதவை இந்நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறக்க வேண்டும் என்று நினைத்தவர் என்றுதான் நாம் அவரைப் புரிந்துகொள்கிறோம்.

டாரெல் அந்த நாளைக் காணவில்லை. கல்லூரியில் நெருப்புக்காய்ச்சல் பரவியபோது நோயுற்ற மாணவர்களைப் பக்கத்திலிருந்து பராமரித்து, அதே நோயால் 1906 இல் இறந்துபோனார். கன்னங்கராவைத் தெரிந்த எமது பிள்ளைகளுக்கு அவர் பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.

நெல் விளைவிக்க வந்த ஒருவர்

இப்போது எமது பகுதிக்கு வருவோம். 1942 இரண்டாம் உலகப் போர்க்காலம். பர்மா ஜப்பானியர் கைக்குப் போய்விட்டதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றுவிட்டது. நாட்டுக்குள்ளேயே நெல் விளைவித்தாக வேண்டிய கட்டாயம். அந்த வேலைக்காகக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911 இல் பிறந்து, இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் அவர். எமது வயல்களுக்குள் ஒரு கண்டம் இன்றும் 'அஸீஸ் துரைக் கண்டம்' என்று அழைக்கப்படுவது அந்தக் காலத்து ஞாபகம்தான்.

வந்த வேலை நெல். ஆனால் அவர் கண்ணில் பட்டது வேறொன்று. கெட்டிக்காரப் பிள்ளைகள் இருந்தும் மேலே படிக்க வழியில்லாத நிலை. ஐந்தாம் வகுப்போ எட்டாம் வகுப்போ முடிந்ததும் பையன் வயலுக்குப் போவான், கடலுக்குப் போவான், கடைக்குப் போவான். பெண் பிள்ளை வீட்டோடு இருப்பாள். அஸீஸ் ஊர்ப் பிரமுகர்களைக் கூட்டி 1942 இலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார். வசதியுள்ளவர்களிடம் சேர்த்து, வசதியில்லாத திறமையான பிள்ளைகளைப் படிப்பிப்பதே அதன் எண்ணம். இந்த எண்ணம்தான் விரிந்து 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக நாடளாவிய அமைப்பானது.

இங்கே ஒன்றை உற்றுக் கவனிக்க வேண்டும். இலவசக் கல்வி வந்ததும் 1945, சகாய நிதி தொடங்கியதும் 1945. கல்விதான் இலவசமாகிவிட்டதே, பிறகு நிதி எதற்கு?

இலவசமானது வகுப்புக் கட்டணம். விடுதிச் செலவு இலவசமல்ல. பயணச் செலவு இலவசமல்ல. பாடநூல் இலவசமானது 1980 இல், சீருடை இலவசமானது 1993 இல். இவற்றுக்கெல்லாம் மேலாக, பையன் உழைத்துக்கொண்டுவரும் சில ரூபாய்களை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்துக்கு அவன் படிப்பதே ஒரு செலவு. சட்டம் திறந்த கதவுக்கும் பிள்ளையின் வீட்டு வாசலுக்கும் இடையில் ஒரு தூரம் இருந்தது. அந்தத் தூரத்தைச் சமூகம்தான் கடக்க உதவ வேண்டும் என்று அஸீஸ் விளங்கியிருந்தார். 1948 இல் சிவில் சேவையையே விட்டுவிட்டுக் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி அதிபர் பதவியை ஏற்று 1961 வரை அங்கிருந்தார். அந்நாளில் சிவில் சேவைப் பதவியை விட்டுவிட்டு ஒருவர் பாடசாலைக்கு வருவது என்பது சின்ன விடயமல்ல.

அவருக்கு முன்னரும் இந்த வழியில் நடந்தவர்கள் இருந்தார்கள். 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, ஆங்கிலக் கல்வி வேண்டும், பெண் கல்வி வேண்டும் என்று எழுதிக்கொண்டேயிருந்த சித்தி லெப்பை, கண்டியில் பெண் பிள்ளைகளுக்கென்று பாடசாலை நடத்தினார். அவரும், கட்டட ஒப்பந்தகாரரான வாப்பிச்சி மரிக்காரும் மற்றவர்களும் சேர்ந்து 1892 இல் மருதானையில் தொடங்கியதுதான் பின்னாளில் ஸாஹிறாவானது. எழுதத் தெரிந்தவர் எழுதினார், கட்டத் தெரிந்தவர் கட்டினார்.

எமது பெண் பிள்ளைகளின் முறை இன்னும் பிந்தித்தான் வந்தது. கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரி 1946 இல் தொடங்கப்பட்டபோது அதன் முதல் அதிபராக இருந்தவர் கேரளத்திலிருந்து வந்த ஆயிஷா ரஊப். எமது பக்கத்தில் கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி எழுந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். இன்று எமது பதாகையில் பெண் பிள்ளைகளின் முகங்கள் நிறைந்திருப்பதைப் பார்க்கும்போது, இவர்களின் உம்மும்மாமாருக்குக் கிடைக்காதது இவர்களுக்குக் கிடைத்திருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வேறு வீட்டுக் கதவுகள்

இன்னொரு விடயம். காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அஸீஸ் படித்தது யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில். கரவெட்டியிலிருந்து வந்த கார்த்திகேசு சிவத்தம்பி படித்தது கொழும்பு ஸாஹிறாவில், அஸீஸ் அதிபராக இருந்த காலத்தில். அவரும் பிற்காலத்தில் தமிழ்ப் பேராசிரியரானார்.

இந்துப் பிள்ளைக்குக் கிறிஸ்தவப் பாடசாலை கதவு திறந்தது. முஸ்லிம் பிள்ளைக்கு இந்துக் கல்லூரி கதவு திறந்தது. இந்து இளைஞருக்கு முஸ்லிம் கல்லூரி கதவு திறந்தது. இடையில் எவ்வளவோ கசப்புகள் எமது மாகாணத்தில் நடந்து முடிந்துவிட்டன. ஆனாலும் இந்த வரலாறு யாராலும் அழிக்க முடியாதது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது எமது கடமை.

பதாகையில் இல்லாத பிள்ளைகள்

இனி சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறோம்.

கணிதத்தில் சித்தியடையாத பையன் ஒருவன் பெறுபேறு வந்த கிழமையே புறக்கோட்டைப் புடவைக் கடைக்குப் புறப்பட்டுவிடுகிறான். இன்னொருவன் கடவுச்சீட்டுக்கு வயது வரும்வரை காத்திருக்கிறான். விஞ்ஞானப் பிரிவுக்குத் தகுதி பெற்ற பெண் பிள்ளையொருத்தி, வகுப்புக்குப் பக்கத்து ஊருக்கு பஸ்ஸில் போய்வர வேண்டும் என்பதற்காகவே வேறு பிரிவைத் தெரிவு செய்கிறாள். எந்த ஊரில் இந்தப் பிள்ளைகள் இல்லை? 1942 இல் அஸீஸ் கண்ட அதே பிள்ளைகள்தான் இவர்கள். உடுப்பு மாறியிருக்கிறது, வகுப்பு கொஞ்சம் உயர்ந்திருக்கிறது. நிலைமை அதுதான்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். வசதியில்லாத கிராமத்துப் பிள்ளை நல்ல பாடசாலையில் சேர்ந்து படிக்க உதவி கிடைக்க வேண்டும் என்பதற்காக வந்த பரீட்சை அது. மத்திய கல்லூரிகளின் நோக்கமே நல்ல பாடசாலையைக் கிராமத்துக்குக் கொண்டுவருவதுதான். இன்றோ பத்து வயதுப் பிள்ளை வெட்டுப்புள்ளிக்காக மாலை வகுப்பு, இரவு வகுப்பு என்று ஓடுகிறது. ஒன்றிரண்டு புள்ளிகள் குறைந்தால் வீட்டில் மௌத்து வீடு போல ஓர் அமைதி. வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்த பிள்ளை தோற்றுப்போன பிள்ளை அல்ல என்பதை உரத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

ஒரு பாடசாலையின் அடைவு எத்தனை பேர் உச்சியில் நிற்கிறார்கள் என்பதில் மட்டும் இல்லை. விழப்போன பிள்ளைகளில் எத்தனை பேரைப் பிடித்து நிறுத்தினோம் என்பதிலும் இருக்கிறது. இரண்டாவது கணக்கு எந்தப் பதாகையிலும் வருவதில்லை. எமது முன்னோர்கள் அந்தக் கணக்கைத்தான் பார்த்தார்கள்.

இனி வரும் நாட்கள்

பரிசளிப்பு விழா: வழமையான பாடப் பரிசுகளோடு, கடந்த வருடத்தைவிடக் கூடுதலாக முன்னேறிய பிள்ளைகளுக்கும், கணிதத்தை மீண்டும் எழுதிச் சித்தியடைந்த பிள்ளைகளுக்கும், வீட்டுக் கஷ்டத்திலும் வரவு குறையாத பிள்ளைகளுக்கும் பரிசு வழங்க வேண்டும் என்ற யோசனையைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் முன்வைக்கிறோம். பெற்றோர்கள் வந்து கருத்துச் சொல்லுங்கள்.

மாலை நேரக் கணித வகுப்பு: மீண்டும் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு இலவசமாக நடத்த எமது ஆசிரியர்கள் சிலர் முன்வந்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பழைய மாணவர்கள் விடுமுறையில் கைகொடுத்தால் பேருதவியாக இருக்கும். ஒலுவிலில் படிப்பவர்கள் எட்டிப்பார்க்கும் தூரத்தில்தானே இருக்கிறீர்கள்! கடையில் வேலை செய்யும் பையன்களின் முதலாளிமாரிடம் ஒரு வேண்டுகோள்: கிழமையில் இரண்டு பின்னேரங்கள் அவர்களை விட்டுத்தாருங்கள்.

தமிழ்மொழித் தினப் போட்டி: பேச்சு, கட்டுரை, நாடகம் ஆகியவற்றுக்கான பயிற்சி தொடங்குகிறது. அயலிலுள்ள தமிழ்ப் பாடசாலையுடன் ஒரு நாளாவது சேர்ந்து பயிற்சி செய்யலாமா என்று பேசவிருக்கிறோம். விபுலாநந்தரும் அஸீஸும் நடந்த வழி அதுதான்.

இல்ல விளையாட்டுப் போட்டி: வகுப்பில் பின்வரிசையில் இருக்கும் பிள்ளை மைதானத்தில் முன்வரிசைக்கு வரும் நாள். வாப்பாமார் கட்டாயம் வாருங்கள்.

கல்வி உதவி: வெளிநாட்டிலும் உள்ளூரிலும் உள்ள பழைய மாணவர்கள் மாதம் ஒரு சிறு தொகையை ஒதுக்கினால், பஸ் கட்டணமும் பரீட்சைக் காலச் செலவும் இல்லாமல் நின்றுபோகும் சில பிள்ளைகளைத் தொடர்ந்து படிப்பிக்கலாம். கணக்கு பழைய மாணவர் சங்கத்தின் மூலம் பகிரங்கமாக இருக்கட்டும். உதவி பெறும் பிள்ளையின் பெயரும் படமும் எங்கும் வரக்கூடாது. இந்த நிபந்தனையில் நாம் உறுதியாக இருக்கிறோம்.

திகதிகளும் நேரங்களும் மாணவர்களிடம் கொடுத்தனுப்பும் கடிதத்தில் வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பரிசளிப்பு விழாவுக்கு வரும்போது உங்கள் பிள்ளை பரிசு வாங்கியதும் எழுந்து போய்விடாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் கை தட்டுங்கள். விழா முடிந்ததும், பரிசு எடுக்காத ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "மகன், அடுத்த வருஷம் என்ன படிக்கப் போறீங்க?" என்று கேட்டுப்பாருங்கள். பதில் தெரியாமல் அவன் நின்றால் எம்மிடம் கூட்டிவாருங்கள். மிச்சத்தைச் சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

ஊர்க் குழுமங்களிலும் பகிர்ந்துகொள்ளுங்கள்.