கோயம்புத்தூரில் பூத்த கரும்பு

இந்தியக் கரும்பு இரகங்கள் பலவற்றின் பெயருக்கு முன்னால் 'கோ' என்ற எழுத்து நிற்பதைக் காணலாம். அது கோயம்புத்தூரைக் குறிக்கும். தமிழ்நாட்டு உழவர்கள் பரவலாக நடும் கோ 86032 முதல் உத்தரப் பிரதேசத்து கோ 0238 வரை இந்த ஊர்ப்பெயரைத்தான் சுமக்கின்றன. கரும்பு விளையும் ஊர்கள் எத்தனையோ இருக்கக் கோவைக்கு மட்டும் இந்தப் பெருமை வரக் காரணம், அங்கே கரும்பு பூப்பதுதான்.

கரும்பை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. கணுவோடு வெட்டிய கரணையை நடுகிறார்கள். அதனால் புதுக்கரும்பு பழைய கரும்பின் அச்சு அசலான நகலாகவே இருக்கும். புதிய இரகம் வேண்டுமானால் பூவும் மகரந்தமும் விதையும் வேண்டும். வட இந்தியாவில் கரும்பு பூப்பது அரிது. பூத்தாலும் விதை பிடிப்பது அதனினும் அரிது. 11 பாகை வட அகலாங்கில் உள்ள கோவையிலோ பகற்பொழுதின் நீளமும், இரவின் மிதமான வெப்பமும், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றும் கூடிப் பூவையும் விதையையும் தருகின்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கே பயிரானவை ஒல்லியான, விளைச்சல் குறைந்த நாட்டுக் கரும்புகள். தெற்கின் பருத்த கரும்புகள் அங்குள்ள குளிரையும் வறட்சியையும் தாங்கவில்லை. நாட்டுக்கு வேண்டிய சர்க்கரையில் பெரும்பகுதி சாவகத் தீவிலிருந்து கப்பலில் வந்தது. இந்நிலையை மாற்ற 1912இல் கோவையில் கரும்பு இனப்பெருக்கு நிலையம் தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் சார்லஸ் ஆல்பிரட் பார்பர் என்னும் தாவரவியலாளர். அவருக்குத் துணையாக இருந்தவர் டி. எஸ். வெங்கட்ராமன்.

அவர்கள் செய்த கலப்பு அன்றைய கண்ணுக்கு விந்தையாகவே தோன்றியிருக்கும். 'வெள்ளை' என்ற பருத்த இனிப்புக் கரும்பைத் தாயாகவும், வாய்க்கால் கரையில் தானே முளைக்கும் நாணலைத் தந்தையாகவும் கொண்டார்கள். நாணலில் சாறும் இல்லை, இனிப்பும் இல்லை. ஆனால் எந்த மண்ணிலும் பிழைத்துக்கொள்ளும் உறுதி உண்டு. பஞ்சுத்தூள் போன்ற நுண்ணிய விதைகளை முளைக்க வைத்து, ஒன்றுக்கொன்று வேறுபட்ட நாற்றுகளிலிருந்து தேர்ந்தெடுத்ததே கோ 205. 1918இல் வெளிவந்த அது வட இந்தியாவின் கடும் சூழலிலும் நன்றாக விளைந்தது. சாவகத்தில் டச்சுக்காரர்களும் காட்டுக்கரும்பின் குருதியைப் பயன்படுத்தினர். ஆயினும் நேரடியாக நாணலைக் கலந்து ஒரு வணிக இரகத்தை எடுத்தது கோவையின் சாதனை.

இக்கலப்பில் மரபியல் புதிர் ஒன்றும் ஒளிந்திருந்தது. பொதுவாகத் தாயும் தந்தையும் தத்தம் நிறப்புரிகளில் பாதியைத்தான் பிள்ளைக்குத் தருவார்கள். இங்கே தாய்க்கரும்பு தன் 80 நிறப்புரிகளையும் முழுதாகத் தந்துவிட, 64 கொண்ட நாணல் பாதியான 32ஐத் தந்தது. ஆக மொத்தம் 112. பிள்ளை காட்டுப்புல்லைவிடக் கரும்பையே அதிகம் ஒத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1934இல் கோவைக்கு வந்த ஜானகி அம்மாள் கரும்பு, நாணல் ஆகியவற்றின் நிறப்புரிகளை ஆராய்ந்ததோடு கரும்பை மக்காச்சோளத்துடனும் கலந்து பார்த்தார். வெங்கட்ராமன் மூங்கிலையும் விடவில்லை! அவற்றிலிருந்து வயலுக்கு இரகம் எதுவும் வரவில்லை என்றாலும், அக்கால ஆய்வாளர்களின் துணிச்சலுக்கு அவை சான்று.

1932இல் அயல்நாட்டுச் சர்க்கரைக்குக் காப்புவரி விதிக்கப்பட்டது. சுமார் 30 ஆக இருந்த ஆலைகள் ஐந்தாறு ஆண்டுகளில் நூறைத் தாண்டின. வரிக்கே முழுப்புகழையும் தருவோர் உண்டு. ஆலைக்குப் போதிய கரும்பு வயலில் இல்லாதிருந்தால் வரியால் மட்டும் என்ன ஆகியிருக்கும்?

நகல்களாகவே பெருகும் பயிருக்கு ஓர் ஆபத்தும் உண்டு. ஒரு நாற்றைத் தாக்கும் நோய் அதன் எல்லா நகல்களையும் தாக்கும். 2009இல் வெளியான கோ 0238 உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பரவியது. உழவரும் ஆலையும் அதனால் நல்ல ஆதாயம் கண்டனர். பிறகு செவ்வழுகல் நோய் அதன் எதிர்ப்பை உடைத்து வயல் வயலாகப் பரவ, வேறு இரகத்துக்கு மாறவேண்டிய நெருக்கடி வந்தது.

மாற்று இரகத்துக்கான மூலப்பொருள் மறுபடியும் பழங்கரும்புகளும் காட்டுப்புற்களும்தான். இந்நிறுவனத்தின் கண்ணூர் மையம் அவற்றை ஆயிரக்கணக்கில் பேணி வருகிறது; உலகின் இரு பெரும் கரும்புச் சேகரிப்புகளுள் அது ஒன்று. கோவை வீரகேரளத்திலுள்ள தேசியக் கலப்பினத் தோட்டத்துக்குப் பூக்கும் பருவத்தில் பல மாநில ஆய்வாளர்கள் வருகிறார்கள். தங்களுக்கு வேண்டிய கலப்புகளை அங்கே செய்து, விதைப்பஞ்சைத் தம் ஊருக்கு எடுத்துச் சென்று முளைக்க வைக்கிறார்கள்.