ஊடுகதிருக்குத் தம் கைகளைக் கொடுத்தவர்கள்



விளையாடும்போது விழுந்த பிள்ளையின் கை வீங்கிவிட்டால், "ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவோம்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சில நிமிடங்களில் படமும் வந்துவிடுகிறது. அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால், தம் கைகளையே இழந்த மனிதர்களின் வரலாறு இருக்கிறது.

1895 நவம்பர் 8. ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்ஹெல்ம் ரான்ட்ஜன், காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாயில் மின்சாரத்தைச் செலுத்தி ஆய்வு செய்துகொண்டிருந்தார். குழாய் கறுப்பு அட்டையால் மூடப்பட்டிருந்தது. ஆயினும், சற்றுத் தொலைவில் இருந்த வேதிப்பொருள் பூசிய திரை ஒளிர்ந்தது. இன்னதென்று அறியப்படாத கதிர் என்பதால் அதற்கு 'எக்ஸ்' என்று பெயரிட்டார். டிசம்பர் 22 அன்று தம் மனைவி அன்னா பெர்த்தாவின் கையைப் படமெடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெளிவாகத் தெரிந்தன. 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவரோ காப்புரிமை கோரவில்லை. பரிசுத் தொகையையும் பல்கலைக்கழகத்திற்கே வழங்கிவிட்டார்.

இதன் பயனை உலகம் உடனே கண்டுகொண்டது. தீங்கை அறியத்தான் காலம் பிடித்தது. அமெரிக்காவில் எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி, குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தம் கையையே கதிரின் முன் நீட்டிவந்தார். தோல் வெந்து, புண்ணாகி, புற்றுநோயாக மாறியது. கைகளை வெட்டி நீக்கியும் நோய் நிற்கவில்லை. 1904இல் அவர் இறந்தார். எடிசன் அந்த ஆய்வையே கைவிட்டார்.

கால்நடை மருத்துவத்திலும் இக்கதிர் வெகுவிரைவில் நுழைந்தது. 1896ஆம் ஆண்டிலேயே ஐரோப்பாவில் குதிரையின் கால் படமெடுக்கப்பட்டது. ஆனால் அன்று ஒரு படத்திற்கு நெடுநேரம் கதிரைச் செலுத்த வேண்டியிருந்தது. மனிதனிடம் "அசையாதே" என்று சொல்லலாம். வாயில்லா ஜீவனிடம் எப்படிச் சொல்வது? யாரேனும் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு ஒருமுறை படும் கதிர், பிடிப்பவருக்கு நாள்தோறும் படும்.

1913இல் வில்லியம் கூலிட்ஜ் உருவாக்கிய புதிய குழாய், கதிரின் அளவையும் வலிமையையும் தேவைக்கேற்பக் கட்டுப்படுத்த வழிசெய்தது. ஆனால் அதற்குள் பலர் பாதிக்கப்பட்டிருந்தனர். 1936இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், இக்கதிரால் உயிரிழந்த மருத்துவர்கள், பணியாளர்களுக்காக நினைவுத்தூண் எழுப்பப்பட்டபோது, அதில் 169 பெயர்கள் பொறிக்கப்பட்டன.

பின்னர் வந்த சி.டி. ஸ்கேனிலும் மனிதனுக்கு விலங்கு துணைநின்றது. அதனை உருவாக்கிய ஆங்கிலேயப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட், சோதனைக்காக மாட்டு மூளைகளைச் சுமந்துகொண்டு லண்டனின் பொது வாகனங்களில் பயணம் செய்தவர். 1971 அக்டோபரில், லண்டன் மருத்துவமனையொன்றில் முதல் நோயாளியின் மூளை அக்கருவியால் படமெடுக்கப்பட்டது. 1979இல் ஆலன் கோர்மாக்குடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இன்றைய பாதுகாப்பு விதிகள் ஒவ்வொன்றும் இத்தகைய இழப்புகளிலிருந்து பிறந்த பாடமே. எக்ஸ்ரே அறையில் பணியாளர் தடுப்புக்குப் பின்னால் செல்வதும், ஈய அங்கி அணிவதும், பிராணிகளுக்கு மயக்கமருந்து கொடுத்துப் படுக்கவைப்பதும் இதனால்தான். ஆகவே கர்ப்பிணியாக இருந்தாலோ, இருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலோ, படமெடுக்கும் முன்பே தயங்காமல் சொல்லிவிடுங்கள். பிள்ளையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தால் ஈய அங்கியைக் கேட்டு வாங்கி அணியுங்கள். தேவையில்லாத படத்தை வற்புறுத்திக் கேட்காதீர்கள். தேவையான படத்திற்கு அஞ்சவும் வேண்டாம்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் காக்கும் அறிவை, தம் கைகளை விலையாகக் கொடுத்து நமக்குச் சேர்த்து வைத்தவர்களை நன்றியுடன் நினைவுகூர்வோம்.