பளுவான நாள், இலேசான நாள்: வார எடைப் பயிற்சியைத் திட்டமிடுவது எப்படி?

வாரத்தில் மூன்று நாள் உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்பவர்களில் பலர் மூன்று நாளும் ஒரே எடையைத் தூக்குகிறார்கள். இன்னும் சிலர் ஒவ்வொரு முறையும் முந்தைய முறையை மிஞ்சிவிட முயல்கிறார்கள். முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு இதில் பெரிய சிக்கல் வராது. புதிதாகத் தொடங்குபவரின் உடல் ஏறக்குறைய எந்தப் பயிற்சிக்கும் பலன் காட்டும். அதன் பிறகு எடை ஏற மறுக்கும். முழங்காலிலோ தோளிலோ கீழ் முதுகிலோ வலி எட்டிப் பார்க்கும். “நமக்கு இது ஒத்துவராது” என்று பலர் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகு பயிற்சியைத் தொடங்கியவருக்கு அது சிறிய இழப்பல்ல. சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம். தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியை வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் செய்யும்படி பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. சிங்கப்பூர் 2022ல் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டியும் அதையே சொல்கிறது. ஆறு வாரம் மூச்சுமுட்டத் தூக்கிவிட்டு நிறுத்துவதால் பயனில்லை. ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும் என்றால் வாரத்தின் எல்லா நாளும் ஒரே கனத்தில் இருக்கக்கூடாது.

காரணம் எளிது. பளுவான பயிற்சிக்குப் பிறகு தசை தன்னைச் சீரமைத்துக்கொள்ளும் வேலை ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். பழக்கமில்லாத பயிற்சியால் வரும் தசை வலி பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். எலும்போடு தசையை இணைக்கும் தசைநாண்கள் இன்னும் மெதுவாகவே தேறும். திங்கட்கிழமை முழுப் பலத்தோடு ஸ்குவாட் செய்தவர் புதன்கிழமையும் அதையே செய்தால், பழுது பார்த்து முடியாத சாலையில் மறுபடி லாரியை ஓட்டுவது போலாகும்.

பளு, இலேசு, நடுத்தரம் என்று வாரத்தை மூன்றாகப் பிரிக்கும் முறையைப் பரவலாக்கியவர் அமெரிக்கப் பயிற்றுநர் பில் ஸ்டார். அவரது ‘தி ஸ்ட்ராங்கஸ்ட் ஷால் சர்வைவ்’ நூல் 1976ல் வெளிவந்தது. ஐந்து செட், ஒவ்வொன்றிலும் ஐந்து முறை என்பது அதன் அடிப்படை. கணக்கு போட்டுப் பார்த்தால் எளிதில் புரியும்.

ஒருவர் ஐந்து முறை ஸ்குவாட் செய்யக்கூடிய அதிக எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை அவர் 35, 42.5, 47.5, 55, 60 கிலோ என்று ஐந்து செட்டில் படிப்படியாக ஏறுகிறார். அன்று அவர் தூக்கிய மொத்தம் 1,200 கிலோ. புதன்கிழமை அதே வரிசையில் மூன்றாவது எடையோடு, அதாவது 47.5 கிலோவோடு, நிறுத்திக்கொள்கிறார். மொத்தம் 625 கிலோ. வெள்ளிக்கிழமை நான்காவது எடையான 55 கிலோ வரை போகிறார். மொத்தம் 900 கிலோ. அடுத்து வரும் சனி, ஞாயிறு ஓய்வு. அதன்பின் வரும் திங்கட்கிழமை 62.5 கிலோவை முயன்று பார்க்கலாம். கூடத்தில் உள்ள மிகச் சிறிய தட்டு பெரும்பாலும் 1.25 கிலோ என்பதால், இருபுறமும் ஒவ்வொன்று சேர்த்தால் 2.5 கிலோ கூடும். அதற்கு மேல் அவசரப்பட வேண்டாம்.

பளுவான நாளிலும் எல்லை உண்டு. கடைசி செட் முடிந்ததும், “இன்னும் ஒரு முறையாவது ஒழுங்காகச் செய்திருக்கலாம்” என்ற நிலையில் நிறுத்துவதே நல்லது. பார் கழுத்தில் அழுந்தக் கால்கள் நடுங்கி முடித்த செட், அடுத்த வாரத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

சிக்கல் இலேசான நாளில்தான்

பளுவான நாளை யாரும் மறப்பதில்லை. புதன்கிழமைதான் ஆளைச் சோதிக்கும். எடை இலேசாக இருக்கிறது, உடம்பும் நன்றாக இருக்கிறது, பக்கத்தில் ஒருவர் இரண்டு மடங்கு தூக்குகிறார். கை தானாகத் தட்டைத் தேடும். சேர்த்துவிட்டால் அது இலேசான நாள் இல்லை. வெள்ளிக்கிழமைக்குக் கடன் வாங்கிய நாள். “இவ்வளவு இலேசு என்றால் போகாமலே இருக்கலாமே” என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவது இன்னொரு வகைத் தவறு. அசைவு இருந்தால்தான் தசை இறுக்கம் தளரும். அசைவின் முறையைத் திருத்திக்கொள்ளவும் இதைவிட நல்ல நாள் கிடைக்காது. முழங்கால் உள்நோக்கிச் சாய்கிறதா, குதிகால் தரையில் பதிகிறதா என்றெல்லாம் 60 கிலோவின் கீழ் நின்று பார்க்க முடியாது.

எடையைக் குறைக்க மனம் வராதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பயிற்சியையே மாற்றிவிடுங்கள். பெஞ்ச் பிரஸுக்குப் பதிலாக நின்றபடி தலைக்கு மேல் தூக்கும் பிரஸ். முதுகில் பாரை வைத்துச் செய்யும் ஸ்குவாட்டுக்குப் பதிலாக முன்தோளில் வைத்துச் செய்வது. இவற்றில் யாராலும் அதே எடையைத் தூக்க முடியாது. முழு முயற்சி செய்தாலும் சுமை தானாகக் குறைந்துவிடும்.

கிழமைகளின் பெயர் முக்கியமல்ல, வரிசையே முக்கியம். ஞாயிறு மாலை ஃபுட்சாலோ பூப்பந்தோ விளையாடுபவருக்குக் கால்கள் ஏற்கெனவே ஒரு பளுவான நாளைப் பார்த்துவிட்டன. அவர் பளுவைச் செவ்வாய்க்குத் தள்ளலாம். ஷிப்ட் வேலை பார்ப்பவர் இரவு வேலை முடிந்த மறுநாளை இலேசான நாளாக வைத்துக்கொள்வது நல்லது. ஐபிபிடி தேர்வுக்குத் தயாராகும் தேசிய சேவையாளர்கள் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்கான வேகப் பயிற்சியை இலேசான நாளில் நுழைப்பதுண்டு. அப்படிச் செய்தால் அந்த நாள் இலேசாகவே இருக்காது. தேர்வுக்கு முந்திய வாரம் முழுவதும் இலேசான பயிற்சி போதும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

மூச்சை அடக்கிக்கொண்டு பளு தூக்கும்போது ரத்த அழுத்தம் அந்நேரத்தில் வெகுவாக உயரும். உயர் ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பளுவான நாளைத் தொடங்கக்கூடாது. தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியோ சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடிய மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களுக்குப் பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை அளவு இறங்கலாம். பளுவான நாளின் இரவில் அளந்து பார்ப்பது நல்லது. உடலியக்கத்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் பலன் ஓரிரு நாளில் மங்கிவிடும். ஆகவே இவர்கள் இலேசான நாளைக் கைவிடவே கூடாது.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு, காய்ச்சலோ வெளியூர்ப் பயணமோ முடிந்து திரும்புபவர், விட்ட இடத்தில் தொடங்கக்கூடாது. முதல் வாரம் மூன்று நாளும் பழைய இலேசான நாளின் எடையே போதும். பழக்கம் விட்டுப்போன தசையை ஒரே நாளில் கடுமையாக வருத்தினால் அது சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். வலியோடு வீக்கமும் இருந்து, சிறுநீர் கோலா பானத்தின் நிறத்தில் போனால் மறுநாள்வரை காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.