இரத்தப் புற்றுநோய் மருந்தும் இதயத்தின் கணக்கும்

பழைய தமிழ்ப் படங்களில் கதாநாயகிக்கு இரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால் கதை முடிந்த மாதிரிதான். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், அடுத்து வருவது சோகப் பாட்டு. 1940கள் வரை நிஜத்திலும் இதுதான் நிலை. இன்று நிலைமை வேறு. லுக்கேமியா வந்த குழந்தைகளில் பலர் குணமாகி, படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொள்கிறார்கள்.

ஆனால் இந்த வெற்றிக்கு ஒரு விலை இருக்கிறது. அதைப் பல நேரங்களில் கட்டுவது இதயம்! புற்றுநோயைக் கொல்லும் மருந்து இதயத்தை ஏன் தொடுகிறது? அதைச் சமாளிக்க மருத்துவ உலகம் எப்படிக் கற்றுக்கொண்டது? இந்தக் கதையில் நம் வேலூருக்கும் ஓர் இடம் உண்டு.

தொடக்கம்

முதல் வெளிச்சம் தெரிந்தது அமெரிக்காவின் பாஸ்டன் நகரில். 1947-48ல் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், லுக்கேமியா வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்தார். சிலருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அந்த மருந்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் பின்வாங்கிய நோய் சில மாதங்களில் திரும்பி வந்தது. இன்னும் வலுவான மருந்து தேவைப்பட்டது.

சிவப்பு மருந்து

1960களின் தொடக்கத்தில் இத்தாலியில் ஒரு பழைய கோட்டைக்கு அருகே எடுத்த மண்ணில் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அது சிவப்பு நிறமான ஒரு பொருளைச் சுரந்தது. அதே பொருளைப் பிரான்ஸ் ஆராய்ச்சியாளர்களும் தனியாகக் கண்டுபிடித்தார்கள். அந்த இத்தாலியப் பகுதியில் முன்பு வாழ்ந்த டௌனி என்ற பழங்குடியின் பெயரையும், கெம்புக் கல்லைக் குறிக்கும் 'ரூபி' என்ற பிரெஞ்சுச் சொல்லையும் சேர்த்து 'டௌனோரூபிசின்' என்று பெயர் வைத்தார்கள். அதன் உடன்பிறப்புதான் டாக்சோரூபிசின். இரண்டும் இன்றும் லுக்கேமியா சிகிச்சையின் தூண்கள்.

மருந்து நன்றாகவே வேலை செய்தது. ஆனால் 1967லேயே ஒரு கெட்ட செய்தியும் வந்தது. மருந்து எடுத்த குழந்தைகளில் சிலருக்கு இதயம் பலவீனமாகி, இரத்தத்தைச் சரியாகப் பம்ப் செய்ய முடியாமல் போனது.

காரணம் என்ன? உடலின் பல செல்கள் அழிந்தால் புதிதாக முளைக்கும். இதயத் தசை செல்கள் அப்படி இல்லை. மிக மிக அரிதாகவே புதுப்பிக்கப்படுகின்றன. போனது போனதுதான். இந்த மருந்து ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சேதம் செய்துவிட்டுப் போகிறது. வட்டி கட்டாத கடன் போல அது சேர்ந்துகொண்டே வருகிறது.

எவ்வளவு சேர்ந்தால் ஆபத்து? 1979ல் வான் ஹாஃப் என்பவரும் அவரது குழுவினரும் டாக்சோரூபிசின் எடுத்த சுமார் 4000 பேரின் சிகிச்சைப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். மொத்தம் ஏறிய மருந்து, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 400 மில்லிகிராம் ஆனபோது 3 சதவீதம் பேருக்கு இதயச் செயலிழப்பு வந்திருந்தது. 550ஐத் தொட்டபோது 7 சதவீதம். 700 ஆனபோது 18 சதவீதம்! அதாவது ஒரு தடவை எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதை மட்டும் பார்த்தால் போதாது, வாழ்நாள் முழுக்க எவ்வளவு ஏறியது என்ற கூட்டுத்தொகைதான் முக்கியம். டாக்டர்கள் உச்சவரம்பு வைத்துக் கணக்கு எழுதுவதற்கு இது வலுவான ஆதாரமானது. ஒரு புதிய கருவியோ மருந்தோ இல்லை, பழைய பதிவேடுகள்தான் இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தன.

1991ல் இன்னொரு அதிர்ச்சி. சிறு வயதில் டாக்சோரூபிசின் எடுத்துக் குணமான 115 பேரை, சிகிச்சை முடிந்து 1 முதல் 15 வருடங்கள் கழித்து லிப்ஷுல்ட்ஸ் என்ற டாக்டரின் குழு பரிசோதித்தது. பாதிக்கு மேற்பட்டவர்களின் இதயத்தில் ஏதோ ஒரு குறை தெரிந்தது. பலருக்கு வெளியே எந்த அறிகுறியும் இல்லை.

இதற்கு ஒரு கவசமும் கிடைத்தது. டெக்ஸ்ராசோக்சேன் என்ற மருந்தை முன்கூட்டியே கொடுத்தால் இதயத்தின் சேதம் குறைகிறது. 2004ல் வெளியான ஆய்வில், இதயத் தசை காயப்பட்டதற்கான இரத்த அடையாளம், கவசம் இல்லாத குழந்தைகளில் 50 சதவீதம் பேரிடம் தெரிந்தது. கவசம் பெற்றவர்களில் 21 சதவீதம்தான்.

வேலூரும் பாஷாணமும்

ஆர்சனிக் என்றால் பாஷாணம். ஆளைக் கொல்லும் விஷம் என்றுதான் நமக்குத் தெரியும். 1865லேயே ஜெர்மனியில் அதை லுக்கேமியாவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு அது மறக்கப்பட்டது. 1970களில் சீனாவின் ஹார்பின் நகரில் ஜாங் டிங்டாங் என்ற டாக்டரின் குழு அதைத் திரும்ப எடுத்தது. ஏ.பி.எல். என்ற ஒரு வகை லுக்கேமியாவுக்கு ஆர்சனிக் ட்ரையாக்சைடு அருமையாக வேலை செய்தது.

அந்த நோய்க்கு வழக்கமான சிகிச்சையில் மேலே சொன்ன சிவப்பு மருந்துகளும் சேரும். செலவு அதிகம். நம் நாட்டில் எத்தனை குடும்பத்தால் முடியும்? வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை துணிந்து வேறு வழியில் போனது. 1998 முதல் 2004 வரை 72 நோயாளிகளுக்கு ஆர்சனிக்கையே தனி மருந்தாகக் கொடுத்தார்கள். விக்ரம் மேத்யூஸ், மம்மன் சாண்டி உள்ளிட்ட டாக்டர்கள் 2006ல் முடிவை வெளியிட்டார்கள். 86 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாகப் பின்வாங்கியது. பெரும்பாலானவர்களுக்குப் பக்கவிளைவுகள் லேசானவை. ஏழை நோயாளிக்காகத் தேடிய வழி, சிவப்பு மருந்தின் கடனிலிருந்து இதயத்தையும் காப்பாற்றியது!

ஆனால் ஆர்சனிக்கும் இதயத்தைச் சும்மா விடுவதில்லை. இது தசையைத் தொடாமல் மின்சாரத்தைத் தொடுகிறது. இ.சி.ஜி.யில் 'கியூ.டி.' என்ற இடைவெளி நீண்டுபோகும். அளவு மீறினால் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். 2001ல் அமெரிக்காவில் இப்படித் திடீர் மரணங்கள் பதிவாயின. சமாளிக்கும் வழி எளிமையானது: அடிக்கடி இ.சி.ஜி. எடுப்பது, இரத்தத்தில் பொட்டாசியம் 4க்கும் மக்னீசியம் 1.8க்கும் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது, இடைவெளி 500 மில்லி செகண்டைத் தாண்டினால் மருந்தை நிறுத்திச் சரிசெய்வது. சின்ன ஆஸ்பத்திரியிலும் செய்யக்கூடிய பரிசோதனைகள்தான் இவை. (பாஷாணம்தானே என்று யாரோ கொடுக்கும் பொடியை வாங்கிச் சாப்பிடுவது இதுவாகாது. அது உயிருக்கு உலை.)

மாத்திரைக் காலம்

2001ல் வந்த இமாடினிப் மாத்திரை, நாள்பட்ட லுக்கேமியாவின் தலையெழுத்தையே மாற்றியது. 2006ல் இதை எடுத்த 10 பேருக்கு இதயச் செயலிழப்பு என்று செய்தி வந்ததும் பலர் பயந்துபோனார்கள். அடுத்த வருடம் ஹூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் மையம் 1276 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தது. அந்த அறிகுறி தெரிந்தவர்கள் 22 பேர்தான். பயத்துக்கும் மருந்து கணக்கே! ஆனால் எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. வழக்கமான நிலோடினிப் மாத்திரையை வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும். சாப்பாட்டுடன் எடுத்தால் இரத்தத்தில் அளவு கூடி, கியூ.டி. இடைவெளியும் நீளும். பொனாடினிப் இரத்தக் குழாய்களை அடைப்பது தெரிந்து 2013ல் அமெரிக்காவில் சிறிது காலம் விற்பனையே நின்றது.

காலாப்பட்டிலிருந்து பார்த்தால்

காலாப்பட்டில் பிம்ஸ் இருக்கிறது. பஸ் ஏறினால் கோரிமேட்டில் ஜிப்மர், அங்கே புற்றுநோய்க்கென்று தனி மையம். சிகிச்சைக்கு ஊர் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் குணமான பிறகு பல வீடுகளில் நடப்பது என்ன? கெட்ட காலத்தின் நினைவு வேண்டாம் என்று ஆஸ்பத்திரி ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினால், கால் வீங்கினால், "உங்களுக்கு அப்போது எவ்வளவு மருந்து ஏறியது?" என்று டாக்டர் கேட்பார். பதில் அந்த ஃபைலில்தான் இருக்கும்!

ஆகவே ஃபைலைப் பத்திரமாக வைத்திருங்கள். எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே எழுதி வாங்குங்கள். டாக்டர் சொன்ன இடைவெளியில் எக்கோ எடுங்கள். ஆர்சனிக், நிலோடினிப் போன்றவற்றை எடுப்பவர்கள் வாந்திக்கோ காய்ச்சலுக்கோ மெடிக்கல் ஷாப்பில் தானாக மாத்திரை வாங்க வேண்டாம். டாம்பெரிடோன், அசித்ரோமைசின் போன்ற சாதாரண மாத்திரைகளும் அதே கியூ.டி. இடைவெளியை நீட்டக்கூடியவை. படபடப்பு, மயக்கம் வந்தால் உடனே சொல்லுங்கள். அதே சமயம் பயந்துபோய் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நோய் திரும்பினால் அது இதைவிடப் பெரிய ஆபத்து.

நோயை வென்றது மருந்து. இதயத்தைக் காப்பாற்றியது, யாரோ பொறுமையாக எழுதி வைத்த கணக்கு. அந்தக் கணக்கின் ஒரு பக்கம் நோயாளியின் வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.