நிபா: போர்ட்டிக்சன் கிராமத்தின் பெயர் ஒரு வைரசுக்கு வந்தது எப்படி?

சி ரூசாவில் இருப்பவர்களுக்கு சுங்கை நிபா தூரத்து ஊர் இல்லை. இரண்டுமே போர்ட்டிக்சன் மாவட்டம்தான். உலகமே பயப்படும் நிபா வைரசுக்குப் பெயர் அந்தக் கிராமத்திலிருந்துதான் வந்தது.

1998 செப்டம்பரில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு செய்தார்கள். சில பரிசோதனைகளும் அதையே காட்டின. கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. பன்றிகளை வேறு இடங்களுக்கு விற்றதில் நோய் நெகிரி செம்பிலானுக்கும் வந்து, சிக்காமாட், சுங்கை நிபா, புக்கிட் பெலாண்டோக் என்று பரவியது.

யார் விழுகிறார்கள் என்று பார்த்தபோதுதான் கணக்கு இடித்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அதிகம் தாக்குவது பிள்ளைகளை. இங்கே விழுந்ததோ வேலை செய்யும் பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் தப்பவில்லை. கொசு ஆள் பார்த்துக் கடிக்காது, இல்லையா? ஆனால் பன்றியைத் தொடாத அக்கம்பக்கத்து மலாய்க்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நோயாளிகளில் பெரும்பாலோர் சீனர்கள், பண்ணையில் வேலை செய்த இந்தியர்களும் இருந்தார்கள். மனிதர்களுக்கு முன்னாலேயே பன்றிகள் இருமத் தொடங்கியிருந்தன.

1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிபா நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து புதிய வைரசைப் பிரித்தெடுத்தார். அமெரிக்க ஆய்வகமும் அதை உறுதி செய்தது. வைரசின் இருப்பிடம் பழந்தின்னி வௌவால் என்பது பிறகு தெரிந்தது.

அதன்பின் கொசுவை விட்டுவிட்டுப் பன்றிப் பக்கம் திரும்பினார்கள். 10 லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. அதற்குள் மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். பல குடும்பங்களின் பிழைப்பும் அதோடு போனது.

2018-ல் கேரளாவின் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து ஆட்கள் விழுந்ததும் மருத்துவர்கள் சந்தேகப்பட்டார்கள். சில நாளிலேயே நிபா என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் 17 பேர் இறந்தார்கள்.

சரி, உங்க லயத்திலோ தாமானிலோ ஒரே மாதிரிக் காய்ச்சலில் இரண்டு மூன்று பேர் படுத்தால்? மலேசியாவின் 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி, தகவல் சொல்லும் கடமை டாக்டருக்கு மட்டும் இல்லை. தொற்றுநோய் என்று தெரியவந்தால் வீட்டிலுள்ள பெரியவர்களும் தாமதிக்காமல் சொல்ல வேண்டும். மாவட்டச் சுகாதார அலுவலகம், அரசு கிளினிக், போலீஸ் நிலையம், கிராமத் தலைவர், எது பக்கமோ அங்கே சொன்னால் போதும்.