ஒன்பதா, ஆஸா?

சீட்டாட்டத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். இதில் கொஞ்சம் சரித்திரமும் இருக்கிறது.

தளவாய்புரத்தில் ஒரு கல்யாண வீட்டுத் திண்ணை. இரவுப் பந்தி முடிந்ததும் நாலு பேர் முந்நூற்று நாலு ஆட உட்கார்ந்தோம். பணம் வைத்து அல்ல, தீக்குச்சி வைத்துத்தான். சிவகாசிப் பக்கத்தில் குச்சிக்கா பஞ்சம்?

எதிர்க்கட்சி 160 கேட்டிருந்தது. துருப்பு எது என்பதும் வெளியாகிவிட்டது. கிளாவர் இறங்கியது. என்னிடம் கிளாவர் இல்லை. துருப்பில் ஒன்பதும் ஆஸும் இருந்தன. எதைப் போட்டாலும் வெட்டுத்தான். வெட்டுவதைப் பெரிதாகவே வெட்டுவோமே என்று ஒன்பதைப் போட்டேன். எனக்கு அடுத்தவரிடமும் கிளாவர் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே துருப்பு ஜாக்கியைப் போட்டு, கிடந்ததையெல்லாம் வாரிக்கொண்டார்.

“ஆஸை எதுக்கு வச்சிருக்கீரு மருமகனே, ஊறுகாய் போடவா?” என்றார் எதிரே இருந்த என் மாமா.

அவர் கோபம் நியாயமானதுதான். இந்த ஆட்டத்தில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76. நாலு இனத்துக்கும் சேர்த்து 304. வெல்லும் வரிசையும் இதுவேதான். ஒன்பது என் கையிலேயே இருக்கும்போது, ஆஸை வெல்லக்கூடியது ஜாக்கி ஒன்றுதான். ஒன்பதை வெல்லக்கூடியதும் அதே ஜாக்கிதான். ஆகவே இரண்டுக்கும் பலம் ஒன்றே. பறிபோனால் நஷ்டம் மட்டும் வேறு. அன்று அவர்கள் எடுத்தது 167. நான் ஆஸால் வெட்டியிருந்தால் 158-இல் நின்று தோற்றிருப்பார்கள்.

அது போகட்டும். ராஜாவுக்கு மூன்றே மூன்று, அவருடைய சேவகனுக்கு முப்பது! இந்த வேடிக்கை எங்கிருந்து வந்தது?

ஹாலந்து தேசத்தில் ‘கிளாவர்யாஸ்’ என்றோர் ஆட்டம் உண்டு. அதிலும் துருப்பு ஜாக்கிதான் தலைவன், அவனுக்கு 20. அடுத்தது ஒன்பது, அதற்கு 14. பிறகு ஆஸுக்கு 11, பத்துக்கு 10, நம் கணக்குப் போலவே. நம்முடைய ஆட்டமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்று சீட்டாட்ட ஆராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள். ஆங்கிலேயர் ‘கிளப்’ என்கிற இனத்தை நாம் இன்னும் ‘கிளாவர்’ என்கிறோம் அல்லவா? அது டச்சுச் சொல்தான். யாழ்ப்பாணத்தையும் தூத்துக்குடியையும் 1658-இல் டச்சுக்காரர் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். இலங்கைத் தமிழரும் முந்நூற்று நாலு ஆடுகிறவர்களே.

ஜாக்கிக்கு டச்சுக்காரர் வைத்த பெயர் ‘பூர்’. உழவன் என்று அர்த்தம். அவர்கள் அந்த உழவனுக்குத் துருப்பில் மட்டும் பட்டம் கட்டினார்கள். நம்மவர்களோ நாலு இனத்திலும் அவனையே தலைமேல் தூக்கி வைத்தார்கள்!

அவர்கள் தூத்துக்குடியில் இறங்கிய வருஷம் மதுரையில் ஆண்டவர் திருமலை நாயக்கர். அந்த அரசில் படை நடத்தியவருக்குத் தளவாய் என்று பட்டம். சிம்மாசனத்தில் ராஜா இருந்தாலும், களத்தில் எந்த வீரனை எப்போது அனுப்புவது என்று முடிவு செய்தவர் தளவாய்தான். அந்தப் பட்டத்தையே பெயராகக் கொண்ட ஊரில் உட்கார்ந்து, ஆஸை அனுப்ப வேண்டிய இடத்தில் ஒன்பதை அனுப்பித் தோற்றவன் நான்.

மாமா இன்றைக்கும் என்னைக் கண்டால் முதலில் கேட்பது, “ஆஸ் பத்திரமா இருக்கா?” என்றுதான்.