நொறுக்குதிறன்

வெடிபொருள் தன்னோடு ஒட்டியிருக்கும் கல்லையோ உலோகத்தையோ சுக்குநூறாக உடைக்கும் இயல்பு நொறுக்குதிறன் எனப்படும். பிரிசன்ஸ் என்றும் வழங்குவர். இதையும் வெடிபொருளின் வலிமையையும் ஒன்றாக எண்ணுவது பொதுவான பிழை. வெடிப்பில் விரியும் வாயு மொத்தத்தில் எவ்வளவு வேலை செய்கிறது என்பது வலிமை. அழுத்தம் எவ்வளவு விரைவாக, எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறது என்பதைப் பொறுத்தது நொறுக்குதிறன். ஒரு கிலோ டி.என்.டி. வெடிக்கும்போது வெளிவரும் ஆற்றல் 4.2 முதல் 4.6 மெகாஜூல்தான். ஒரு கிலோ காய்ந்த விறகு எரிந்தால் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கிடைக்கும். விறகுக்கு அரை மணி நேரம் வேண்டும், டி.என்.டி.க்கு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு போதும்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இந்த வேறுபாட்டைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே எழவில்லை. அன்று கையில் இருந்தது கரிமருந்து. அது ஒலியைவிட மெதுவாக, துகளுக்குத் துகள் தீப்பற்றி எரியும். பாறையை நொறுக்காமல், விரிசல் வழியே நெம்பிப் பிளக்கும். 1846இல் வேதியியலாளர் ஷேன்பைன் வெடிபஞ்சைக் கண்டறிந்தார். மறு ஆண்டு இத்தாலியின் டுரின் நகரில் சொப்ரேரோ நைட்ரோகிளிசரினைத் தயாரித்தார். இரண்டும் கரிமருந்தைப் போலத் திரிக்குக் கட்டுப்படவில்லை. சில நேரம் வெறுமனே எரிந்தன. சில நேரம் ஆலையையே தரைமட்டமாக்கின.

இந்தப் புதிருக்கு விடை தந்தது பாதரச ஃபல்மினேட் அடைத்த சிறு குப்பி. 1860களில் ஆல்பிரட் நோபல் அதை நைட்ரோகிளிசரினுக்குப் பயன்படுத்தினார். தீயால் மூட்டுவதற்குப் பதில் அதிர்ச்சியால் எழுப்புவதுதான் அதிலிருந்த புதுமை. டைனமைட்டைவிட இந்த டெட்டனேட்டரே நோபலின் பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்லலாம். 1868இல் இங்கிலாந்தில் வேதியியலாளர் ஃபிரெடரிக் ஏபலின் உதவியாளர் பிரவுன், இறுக்கிய வெடிபஞ்சையும் இப்படி வெடிக்கச் செய்ய முடியும் என்று காட்டினார். எந்த உறையிலும் அடைக்காமல் திறந்த வெளியில் வைத்தாலும் அது நொறுக்கியது. அதே பஞ்சைத் தீக்குச்சியால் பற்றவைத்தால் குப்பென்று எரிந்து அடங்கிவிடும். ஆக, நொறுக்குதிறன் பொருளில் மட்டும் இல்லை. அது எழுப்பப்படும் விதத்திலும் இருக்கிறது.

பிரான்சில் பெர்த்தலோவும் வியேலும் 1880களின் தொடக்கத்தில் வெடிப்பைப் பரப்பும் அலையான வெடியலையின் வேகத்தை அளந்தனர். அது ஒலியை முந்திச் செல்லும் அலை என்பது உறுதியானது. இங்கிலாந்தில் சாப்மன் 1899இலும், பிரான்சில் ஷுகே 1905இலும் இதற்கான கோட்பாட்டைத் தனித்தனியே வகுத்தனர்.

இதற்கிடையே, 1888இல் அமெரிக்காவின் நியூபோர்ட் கடற்படை டார்பிடோ நிலையத்தில் வேதியியலாளர் சார்லஸ் மன்ரோ ஒரு விந்தையைக் கவனித்தார். வெடிபஞ்சுக் கட்டிகளில் கடற்படையின் பெயரெழுத்துகள் குழிவாகப் பொறிக்கப்பட்டிருந்தன. அத்தகைய கட்டியை இரும்புத் தகட்டின்மேல் வைத்து வெடித்தபின் பார்த்தால், அதே எழுத்துகள் தகட்டில் பதிந்திருந்தன. கட்டியில் பள்ளமாக இருந்த இடம் தகட்டிலும் பள்ளமாகவே விழுந்திருந்ததுதான் வியப்பு. பஞ்சு இல்லாத இடத்தில் அடி அதிகம்! குழிவுக்குள் வெடிவாயு குவிந்து பாய்வதே காரணம். இரண்டாம் உலகப் போரின் டாங்கி எதிர்ப்புக் குண்டுகளும், எண்ணெய்க் கிணற்றின் எஃகுக் குழாயைத் துளைக்கும் இன்றைய கருவிகளும் இந்த விளைவின் வழிவந்தவை.

கேம்பிரிட்ஜில் பெர்ட்ராம் ஹாப்கின்சன் 1914இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குக் குறைந்ததல்ல. கனத்த எஃகுத் தகட்டின் ஒரு பக்கம் வெடிபஞ்சை ஒட்டி வெடித்தால், தகட்டில் துளை விழாமலேயே மறுபக்கத்திலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து பறக்கும். அழுத்த அலை மறுமுகத்தில் மோதி இழுவிசை அலையாகத் திரும்புவதால் உலோகம் உள்ளுக்குள்ளேயே கிழிகிறது.

அளவிடும் முறைகளின் வரலாறு குழப்பம் மிகுந்தது. டிராவுசல் ஈயக்கட்டி சோதனையில் 10 கிராம் வெடிபொருள் ஈயத்துக்குள் உண்டாக்கும் குழிவின் கொள்ளளவைக் கணக்கிடுவர். இது வலிமைக்கான சோதனையே. நொறுக்குதிறனுக்கு உரியது ஹெஸ் முறை: 60 மி.மீ. உயரமுள்ள ஈய உருளையின்மேல் 50 கிராம் வெடிபொருளை வெடித்து, உருளை எவ்வளவு நசுங்கியது என்று பார்ப்பது. அமெரிக்க மணல் சோதனையில் 200 கிராம் மணலுக்குள் 0.4 கிராம் வெடிபொருளை வெடித்து, பொடியான மணலைச் சலித்து எடை போடுவர், டி.என்.டி.க்கு அது 48 கிராம். ஜெர்மானியரான காஸ்ட், அடர்த்தி, வெடிபொருளின் விசை, வெடியலை வேகம் மூன்றையும் பெருக்கி ஒரே எண்ணாக்கினார். இந்த முறைகள் தரும் தரவரிசைகள் எப்போதும் ஒத்துப்போவதில்லை. அதனால் இன்று ஆய்வாளர்கள் வெடியலை அழுத்தத்தையே நம்புகின்றனர். அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி நான்கால் வகுத்தால் அது ஏறத்தாழக் கிடைக்கும். அடர்த்தியாக வார்த்த டி.என்.டி.யில் வெடியலை நொடிக்கு சுமார் 6,900 மீட்டர் வேகத்தில் ஓடும், எச்.எம்.எக்ஸ். என்ற வெடிபொருளில் 9,100 மீட்டர். வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும்.

அதிக நொறுக்குதிறன் எல்லா இடத்திலும் நன்மை தராது. துப்பாக்கிக் குழலுக்குள் அது ஆளையே கொல்லும். ஏபலும் டூவாரும் 1889இல் உருவாக்கிய கார்டைட் என்ற துப்பாக்கி மருந்தில் முக்கியமாக நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும்தான் இருந்தன; ஆனால் கூழாக்கி இழையாக இழுத்ததால் அவை அடுக்கடுக்காக எரிந்தன. நீலகிரியின் அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த தொழிற்சாலை இந்தக் கார்டைட்டுக்காகத்தான். மெருகேற்றி விற்கும் கல்லை வெட்டும் குவாரிகளுக்கும் நொறுக்குதிறன் பகை. உள்விரிசல் விழுந்த கல் விலைபோகாது. அங்கே பழைய கரிமருந்து நெடுங்காலம் நிலைத்தது. சுரங்கங்களிலோ 1950களுக்குப் பின் அம்மோனியம் நைட்ரேட்டில் டீசல் கலந்த மலிவான கலவை டைனமைட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நொறுக்குவதைவிடத் தள்ளுவதில் வல்ல அம்மோனியம் நைட்ரேட் வெடிபொருள்களே இன்று உலகத் தொழில்துறை பயன்பாட்டின் பெரும்பகுதி.